தேத்தண்ணியில் கரைத்த உன் சம்மதம்

மகனுக்கு,

ஸலாம். நீ கட்டாரில் சுகமாக இருக்கிறாய். உன் அறையின் ஏசி நன்றாக வேலை செய்வதையும், நீ புதிதாக ஒரு கண்ணாடி போட்டிருப்பதையும் போன கிழமை வீடியோக் கோலில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான் எப்படி இருக்கிறேன் என்பது உனக்கும் தெரியும், ஏனென்றால் அதை நீ என் பின்னால் நிற்கிற, இந்த முதியோர் இல்லத்து மேட்ரனிடம் கேட்டுவிட்டாய். "வாப்பா சாப்பிட்டாரா?" என்று நீ அங்கேயிருந்து கேட்கிறாய். "ஓம் தம்பி, நல்லாச் சாப்பிட்டார்" என்று அந்த மனுசி என் தலைக்கு மேலால் பதில் சொல்கிறாள். நடுவில் நான், பஸ்ஸில் ஏற்றிவிட்ட பார்சலைப் போலச் சும்மா இருக்கிறேன். பார்சல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா என்று விசாரிக்கிறவன், அதை அவிழ்த்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கடிதம் எழுதும்போது என் தலைக்கு மேலால் யாரும் பதில் சொல்ல முடியாது.

இதை உனக்கு மட்டும் அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் பக்கத்தைப் படிப்பாய். ஒரு பெருவிரல் படம் போடுவாய். "பிறகு கதைப்பம் வாப்பா" என்று ஒரு வரி எழுதுவாய். உன்னுடைய அந்தப் பிறகு எப்போதும் அடுத்த மாதத்தில்தான் இருக்கிறது. எனவே, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து என்னைப் பார்க்க வருகிற உன் மச்சானிடம் இதைக் கொடுக்கப் போகிறேன். அவன் எழுதுகிற பத்திரிகையில் போடச் சொல்லியிருக்கிறேன். உன் பெயரையும் என் பெயரையும் எழுதவில்லை, பயப்படாதே. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் வாப்பாவை எங்கேயோ விட்டுவிட்டு வெளிநாட்டிலிருந்து கோல் எடுக்கிற மகன்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவனும் இது தனக்கு எழுதியது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

நீ ஏன் என்னை இங்கே கொண்டுவந்து விட்டாய் என்று வெளியூர் ஆள் யாராவது கேட்டால் நானே விளக்கம் சொல்வேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகிறது. மகளைப் பெற்றவனுக்கு வயது போனால், மகளுக்குக் கொடுத்த வீட்டிலேயே ஓர் அறையில் கிடந்து அதிகாரத்தோடு இருமலாம். மகனை மட்டும் பெற்றவனுக்கு அந்த வசதி இல்லை. மகன் மாப்பிள்ளையாகி மருமகளின் உம்மா வீட்டுக்குப் போய்விடுவான். அங்கே கலியாணம் முடிக்காத அவளுடைய தங்கச்சிமார் இருப்பார்கள். நான் போய் அந்த வீட்டு மண்டபத்தில் சாரனை உயர்த்திக் கட்டிக்கொண்டு குந்தியிருக்க முடியாது. உன் உம்மா மௌத்தாகி, நானும் குளியலறையில் விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, உனக்கு வேறு வழி இருக்கவில்லை. இதில் உன்னையோ மருமகளையோ நான் குறை சொல்லவில்லை. அந்தப் பிள்ளை இன்றைக்கும் மீன் பொரித்து அனுப்புகிறது. "கடற்கரை வாப்பா, நல்ல காத்து" என்று நீ சொன்னாய் பார், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

காற்று நல்ல காற்றுதான். ஒலுவில் துறைமுகம் கட்டிய பிறகு கடல் கரையைத் தின்றுகொண்டு வருவதால், ஒவ்வொரு மாரிக்கும் காற்று இன்னும் கிட்ட வருகிறது. மற்றபடி இந்த வீட்டைப் பற்றி நீ தொலைபேசியில் பார்த்த படங்களெல்லாம் உண்மை. வெள்ளைச் சுவர் உண்டு, பூச்சட்டி உண்டு, சிரிக்கிற நிர்வாகத் தலைவர் உண்டு. தலைவருக்கு யாராவது வந்து ஈத்தம்பழம் பங்கிட்டால் போதும், எங்கள் எல்லாரையும் சாய்மனைக் கதிரைகளில் வரிசையாக வைத்துப் படம் எடுத்துவிடுவார். ஒரு பொதி பழத்தை ஒரு கிழவனும் ஐந்து பிரமுகரும் சேர்ந்து பிடித்துக்கொண்டு நிற்கிற காட்சியை நீ பார்க்க வேண்டும். இங்கே வேலை செய்கிற பிள்ளைகள் எங்கள் எல்லாரையும் "வாப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு பிள்ளைகள் எனக்கு ஒரே நேரத்தில் இருந்ததில்லை, இவ்வளவு குறைவாக ஒருவரும் எனக்குக் காது கொடுத்ததும் இல்லை.

என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் தம்பிராசா அண்ணனுடையது. பாண்டிருப்புக்காரர், ஆயுள் முழுக்கக் கடலில் நின்ற மனுசன். மகள் இலண்டனில். அவரும் நானும் வாயாடி வாயாடியே இங்கே பொழுதைப் போக்கினோம். நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் என்று தெரிந்ததிலிருந்து என்னை அவர் விட்டதில்லை. "உங்கட பஸ் எந்த நாளில நேரத்துக்கு வந்த? கடலும் நிலவும் என்னை ஒரு நாளும் ஏமாத்தல்ல, உங்கட அக்கரைப்பற்று பஸ்தான் ஏமாத்தின" என்பார். நான் அவருடைய மீனைப் பற்றி ஏதாவது சொல்லுவேன். வாடைக்காற்று மாறுவதைக் கட்டிலில் கிடந்தபடியே சொல்லிவிடுவார். இந்த வீட்டில் மூளை இருக்கிற ஒரே ஆள் என்று நான் மதித்தவர் அவர்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நோன்பு வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சின்னப் பையனாக இருந்தபோது நோன்பு மாதத்தில் உம்மா காய்ச்சிய கஞ்சியைக் கேத்தலில் எடுத்துக்கொண்டு டிப்போவுக்கு வருவாய். அந்த மாதத்தில் நாங்கள் பொழுது படுகிற மஃரிபுக்கு ஓடுகிற பஸ்களின் நேரத்தை மாற்றுவோம், சாரதிமார் நோன்பு திறக்க வேண்டுமே. ஆனால் திருக்கோவில் பஸ்ஸில் மட்டும் கை வைக்கமாட்டோம். அதில் போகிற சனத்துக்கு நோன்பு இல்லை, அதை ஓட்டுகிற கணபதிக்கும் இல்லை. "இதென்ன வாப்பா, இந்த பஸ் மட்டும் போகுது?" என்று நீ கேட்டாய். ஏறுகிற ஆளைப் பார்த்துத்தான் நேரம் வைப்பது என்று சொன்னேன். ஏழு வயசுப் பிள்ளைக்கு அது உடனே விளங்கிவிட்டது.

இந்த வீட்டில் இருக்கிற படித்தவர்களுக்கு அது விளங்கவில்லை. நோன்பு பிடிக்கிற எங்களுக்காக, காலையும் இரவும் கொடுக்கிற மருந்துக் குளிசைகளை, விடியுமுன் சாப்பிடுகிற ஸஹருக்கும் நோன்பு திறக்கிற இஃப்தாருக்கும் மாற்றினார்கள். சரி, நல்லது. ஆனால் மாற்றியது முழு வீட்டுக்கும். குசினியில் அடுப்பு ஸஹருக்கும் பின்நேரத்துக்கும்தான் எரிகிறது, குளிசை கொடுக்கிற பிள்ளையும் அந்த நேரத்தில்தான் எழும்புகிறாள். நோன்பில்லாத ஒருவருக்காக இன்னொரு தரம் எழும்புவானேன் என்று, தம்பிராசா அண்ணனையும் ஸஹருக்கு உசுப்பி, சீனி வருத்தத்துக்கான, அதாவது நீரிழிவுக்கான, குளிசையை ஒரு மடக்கு வெறும் தேத்தண்ணியோடு வாயில் போட்டுவிட்டுப் போனார்கள். மனுசன் விழுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவார். சோறு தின்னாமல் சீனிக் குளிசை மட்டும் விழுங்கினால் என்ன ஆகும் என்பது, வீட்டில் ஒரு சீனிக்காரர் இருக்கிற எவருக்கும் தெரியும். இவர்கள் வீட்டில் ஒருவருக்கும் சீனி இல்லைபோலும், அல்ஹம்துலில்லாஹ்.

விடிந்த பிறகு அவருக்கென்று பாண் துண்டும் வாழைப்பழமும் ஒரு கோப்பையில் கொண்டுவந்து வைப்பார்கள். அதைச் செய்தார்கள், நான் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் தின்னவில்லை. எங்கள் ஊர்களில் வளர்ந்த மனுசன் அவர். நோன்பு மாதத்தில் எங்கள் கடைத்தெருவால் போகும்போது வெற்றிலைகூடப் போடாத பரம்பரை. "நோன்போட இரிக்கிற ஆக்களுக்கு முன்னால மென்டுட்டு இரிக்க ஏலுமா? பொழுது படட்டும், உங்களோடயே தின்னுறன்" என்று சொல்லிவிட்டுப் பாணைப் பிய்த்து முற்றத்தில் காகத்துக்குப் போடுவார். நான் அதைத் தினமும் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? பெருமைப்பட்டேன். வருகிறவன் போகிறவனிடமெல்லாம், மனுசன் எண்டா இப்பிடி இரிக்கணும் என்று சொன்னேன். வீட்டைத் திட்டித் தீர்க்கிற இந்த வாய், ஒரு சீனிக்காரர் பட்டினி கிடப்பதைப் பார்த்துக் கவிதை பாடிக்கொண்டிருந்தது. மேட்ரன்மேல் எனக்கு எவ்வளவு வெறுப்போ, அதில் ஒரு பங்கு என்மேலும் இருக்கிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் அவர்கள் படத்துக்கு வைக்கிற பூச்சட்டியைப் போலாகிவிடும்.

அந்த நோன்பில் ஒரு நாள்தான் மதிப்பீடு செய்கிறவர்கள் வந்தார்கள். கொழும்பிலிருந்து இரண்டு பேர், ஒரே நிறத்தில் சேட்டுப் போட்டிருந்தார்கள். வயதானவர்களின் தேவையை அளந்து, யாருக்கு எவ்வளவு பராமரிப்பு வேண்டும் என்று சொல்வார்களாம். அளக்கட்டும், அளக்க வேண்டியதுதான். ஆனால் அவர்கள் அளந்த முறை இருக்கிறதே. என் கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டு, "இவர் தானாகக் குளிக்கிறாரா? இவர் மலசலம் போவது எப்படி?" என்று மேட்ரனிடம் கேட்டார்கள். "தம்பி, நான் இஞ்சதான் இரிக்கன். என்னட்டக் கேளுங்க" என்றேன். கேட்டார்கள். "ஐயா, உங்களுக்குக் கோபம் வருமா?" என்றான் ஒருவன். "இப்ப வந்திரிக்கி" என்றேன். அதையும் எழுதிக்கொண்டான்.

பிறகு தம்பிராசா அண்ணனிடம் போனார்கள். அவருக்கு அப்போதே வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது, கை நடுங்கியது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார்கள். நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னார்கள். அவர் அந்தப் பையனை உற்றுப் பார்த்துவிட்டு, "சோமு, அணியத்தப் பிடி. வலை போகுது, பிடிடா" என்று சத்தம் போட்டார். சோமு அவரோடு தோணியில் போன ஆள், செத்து எத்தனையோ காலம். பையன் பின்வாங்கினான். அவர் எட்டி அவன் சேட்டைப் பிடித்து இழுத்தார், பேனை எங்கேயோ போய் விழுந்தது. மேட்ரன் இரண்டு பேரைக் கூப்பிட்டு அவருடைய கையை அமர்த்தச் சொன்னாள். சீனி பார்க்கிற மெசினைக் கொண்டுவாங்க என்று நான் கத்தினேன். மெசினுக்கு பற்றரி இல்லையாம். நோன்பு திறக்க என்று என் சேட்டுப் பையில் ஈத்தம்பழம் வைத்திருந்தேன். கொட்டையை எடுத்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக அவருடைய கன்னத்துக்குள் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் வியர்வை அடங்கியது. கண்ணைச் சிமிட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, எல்லாரும் என்னச் சுத்தி நிக்கிறீங்க? ஆரும் செத்துட்டாங்களா?" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். மதிப்பீட்டுக்காரர்கள் அடுத்த கட்டிலில் நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் எழுதியது என்னவென்றால், தம்பிராசாவுக்கு ஞாபகம் தவறுகிறது, ஆட்களை அடிக்கிறார், கட்டுப்படுத்த வேண்டும். கிழமைக்கு ஒருமுறை வந்து, தேத்தண்ணி ஆறுவதற்குள் எங்கள் எல்லாரையும் பார்த்து முடிக்கிற டொக்டர், அந்த எழுத்தைப் பார்த்து ஒரு குளிசை எழுதினார். மனதை அமைதியாக்குகிற குளிசையாம். நான் டொக்டரின் பாதையை மறித்துக்கொண்டு நின்று, ஸஹர் நேரம், சீனிக் குளிசை, காகத்துக்குப் போட்ட பாண் எல்லாவற்றையும் சொன்னேன். "ஐயா என்ன வேலை செஞ்ச?" என்று கேட்டார். டைம் கீப்பர் என்றேன். "அப்ப எனக்கு நேரமாகுது எண்டு ஒங்களுக்குத் தெரியணுமே" என்று சிரித்தார். மேட்ரனும் சிரித்தாள். என் உத்தியோகத்தில் எத்தனையோ குடிகாரச் சாரதிமாரை நான் சந்தித்திருக்கிறேன், அவர்கள்கூட எதிரே ஆள் நிற்பதைப் பார்த்தால் பிரேக்கில் காலை வைப்பார்கள்.

நோன்புப் பெருநாள் முடிந்தது. குளிசை நேரமெல்லாம் பழையபடி காலைக்கும் இரவுக்கும் திரும்பியது, அதனால் தவறு நடந்தது என்று சொல்லக்கூட இப்போது ஒரு சாட்சி இல்லை. தம்பிராசா அண்ணன் பழையபடி காலையில் தின்கிறார், சீனி சரியாக இருக்கிறது, அவருக்கு வியர்ப்பதில்லை. அந்த அமைதிக் குளிசையை மட்டும் நிறுத்தவில்லை. மதிப்பீட்டை மாற்ற வேண்டுமானால் அடுத்த மதிப்பீடு வர வேண்டுமாம். அவர் இப்போது கதிரையில் வைத்த இடத்தில் இருக்கிறார். கடைவாயால் எச்சில் வடிகிறது. வாடைக்காற்று மாறியது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸைப் பற்றி ஏதாவது சொல்லட்டும் என்று நானே அக்கரைப்பற்று பஸ்ஸைத் திட்டிப் பார்த்தேன். "ஓம், ஓம்" என்றார். மகள் இலண்டனிலிருந்து கோல் எடுத்தபோது, "எல்லாம் நல்லம் மகள், ஒரு குறையும் இல்ல" என்று சொன்னார். அந்தப் பிள்ளை அழுதுவிட்டது, சந்தோசத்தில். "அப்பா முந்தியெல்லாம் கோல் எடுத்தாச் சண்டை பிடிப்பார் மிஸ், இப்ப எவ்வளவு அமைதியாக் கதைக்கிறார்" என்று மேட்ரனுக்கு நன்றி சொன்னது. நான் அடுத்த கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு சாரன் பங்கிடப் பிரமுகர்கள் வந்தபோது, என்னை முதல் கதிரையில் இருத்தினார்கள். முகம் நல்லதாம். படம் எடுக்கப் போகும் நேரத்தில் எழும்பி, சாரனைத் தம்பிராசாவின் மடியில் போட்டுவிட்டு, அவர் அந்தக் கதிரைக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்ற கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் பழகிய தொண்டை. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒருவர் என் முதுகைத் தடவினார். தலைவர் சிரிப்பை விடாமலே, "வாப்பாக்கு இண்டைக்குக் கொஞ்சம் ஏலாம இரிக்கி" என்றார். அடுத்த நாளே அந்தச் சேட்டுக்காரப் பையன் திரும்பி வந்தான். இந்தத் தடவை என்னிடம் கிழமையும் கேட்கவில்லை, கணக்கும் கேட்கவில்லை. மேட்ரனோடு கதைத்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு நடத்தையில் பிரச்சினையாம். ஆக்ரோஷமாம்.

மீதிக் கதை உனக்குத் தெரியும். எனக்கும் அந்த அமைதிக் குளிசையைக் கொடுக்கட்டுமா என்று கேட்க மேட்ரன் உனக்குக் கோல் எடுத்தாள். நீ வேலையில் நின்றிருப்பாய். "டொக்டர் சொன்னாக் குடுங்க, வாப்பா நிம்மதியா இரிந்தாப் போதும்" என்று சொன்னாயாம். அந்த வசனத்தை அவள் எனக்கு அப்படியே சொல்லிக்காட்டினாள், ஏதோ நீ எனக்குப் பெருநாள் பணம் அனுப்பியதைப் போல. என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அதைச் சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் போயிருக்கும், மகன்? உன்னுடைய கார் சத்தம் போட்டால்கூட, எங்கேயிருந்து சத்தம் வருகிறது என்று கேட்டுவிட்டுத்தானே கராஜுக்குக் கொடுப்பாய். உன் வாப்பா சத்தம் போடுகிறார் என்றதும் சத்தத்தை நிறுத்தச் சொன்னாய். ஏன் சத்தம் போடுகிறார் என்று கேட்கவில்லை.

குளிசை வந்தது. நான் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்து, ஆள் போனதும் பூச்சட்டியில் துப்பினேன். இந்த வித்தையை எனக்குக் கற்றுத்தந்தது நீதான். உனக்குக் காய்ச்சல் வந்த காலத்தில் விழுங்கியதைப் போல வாயைத் திறந்து காட்டிவிட்டு, குளிசையை உம்மாவின் தையல் மெசினுக்குப் பின்னால் துப்புவாய். பெருநாளைக்கு வீடு கூட்டும்போது உம்மா அதைக் கண்டுபிடித்தா. எனக்கு வந்த கோபத்தில், இனிமேல் இடித்துப் பால்கஞ்சியில் கலந்து கொடு என்று சொன்னேன். அவ மாட்டேன் என்றா. "சொல்லாம ஒண்டையும் புள்ளைட வாய்க்குள்ள போடமாட்டன். ஒருக்காக் கள்ளம் செஞ்சா, மறுகா நான் குடுக்கிற சோத்தையும் நம்பமாட்டான்" என்றா. பிறகு உன்னை மடியில் வைத்துக்கொண்டு, இது இன்னதுக்கு, இப்படிக் கசக்கும், பிறகு ஒரு துண்டு கற்கண்டு என்று சொல்லிச் சொல்லியே விழுங்க வைத்தா. எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் படித்தவ. ஆனால் உனக்கு அந்த வீட்டுச் சோற்றின்மேல் ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை.

இங்கே பூச்சட்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது குளிசை கொண்டுவருவதில்லை. நானும் முதலில் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பின்நேரத் தேத்தண்ணியைக் குடித்தால் நாக்கில் ஒரு கசப்பு நின்றது. சீனியைக் கூட்டிப் போட்டுத் தந்தார்கள், அதுவும் எனக்குப் புதினமாக இருந்தது, இந்த வீட்டில் சீனியைத் தராசில் நிறுத்துத்தான் போடுவார்கள். ஒரு நாள் அடிவரைக்கும் குடிக்காமல் கிளாசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் வெள்ளையாக மாவு. "இது என்ன புள்ள?" என்று கேட்டேன். கொண்டுவந்த பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு ஓடியது. மேட்ரன் வந்து, "மகன்தானே சம்மதிச்ச" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பெரிய கொதி.

அன்றிலிருந்து நான் தேத்தண்ணி குடிப்பதில்லை. உனக்குத் தெரியும், எனக்குச் சோறு இல்லாவிட்டாலும் தேத்தண்ணி வேண்டும். டிப்போவில் என் மேசையில் கிளாஸ் காய்ந்து கிடந்த நேரமே இல்லை. இப்போது குழாய்த் தண்ணீர் குடிக்கிறேன். தோல் உரிக்காத வாழைப்பழம் தின்கிறேன். உன் மனைவி அனுப்புகிற மீனைத் தின்கிறேன், அதுவும் பொதியை நானே அவிழ்த்தால். கஞ்சி என்றால் கையால் தள்ளிவிடுகிறேன். சாப்பாட்டையும் மறுக்கிறார், சந்தேகப்படுகிறார் என்று இதையும் எழுதியிருப்பார்கள். அவர்கள் எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. மருந்தைக் கலந்தால் நான் சந்தேகப்படுவேன், சந்தேகப்பட்டால் மருந்தைக் கூட்டுவார்கள். இப்படியே போனால் ஒரு நாள் எனக்குத் தாகம் தாங்காது, அந்தக் கிளாசை எடுத்துக் குடித்துவிடுவேன். அதற்கு மேல் நான் கடிதம் எழுதமாட்டேன்.

நான் மருந்துக்கு எதிரி இல்லை. என் பிரஷர் குளிசையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அது எதற்கென்று எனக்குத் தெரியும், தந்த டொக்டர் முகத்தைப் பார்த்துச் சொல்லித் தந்தவர். இந்தக் குளிசை என்னுடைய எந்த வருத்தத்துக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் வருத்தம் எனக்கில்லை. என் வாய் அவர்களுக்கு வருத்தம். எனக்குக் கோபக் குணம் பிறவியிலேயே உண்டு. உன் உம்மா அதோடு குடும்பம் நடத்தினா, டிப்போ அதை வைத்து பஸ்களை ஓட்டியது, நீ அதற்குப் பயந்து சோதனை பாஸ் பண்ணினாய். எழுபது கடந்த பிறகு அது நோயாகிவிட்டது என்றால், நோய் வந்தது எனக்கா, கேட்கிறவர்களின் காதுக்கா என்று நீ உன் படித்த மூளையால் யோசித்துப் பார்.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். மேட்ரனுக்குக் கோல் எடுத்து, நீ கொடுத்த சம்மதத்தைத் திருப்பி எடுப்பதாகச் சொல். இழுத்தடித்தால் எழுத்தில் அனுப்பு. வேறொரு டொக்டர் என்னைப் பார்க்கட்டும், என்னோடு கதைக்கட்டும், அவர் என் முகத்தைப் பார்த்து இது உனக்கு வேண்டும் என்று சொன்னால் அவருக்கு முன்னாலேயே விழுங்குகிறேன். அடுத்த மதிப்பீடு வரும்போது என் பக்கத்தில் என் ஆள் ஒருவர் நிற்க வேண்டும், உன் மச்சான் நிற்கத் தயார். தம்பிராசா அண்ணனின் மகளுடைய நம்பரை எப்படியாவது எடுத்து, அவருக்கு அன்றைக்குச் சீனி இறங்கியிருந்தது, புத்தி இறங்கவில்லை என்று சொல். அந்தப் பிள்ளை கோபிக்கும், உன்னைத் திட்டும். திட்டு வாங்கு, உனக்குப் பழக்கம்தானே.

இனிமேல் நான் சொல்வதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். நீ கோல் எடுக்கும்போது, தாடியை இப்படியா விடுகிறது, அந்தக் கண்ணாடி கழுதைக்குப் போட்டதைப் போல இருக்கிறது என்று நான் ஏசினால், சந்தோசப்படு, வாப்பா இருக்கிறார். ஆனால் ஒரு நாள் நான் திரையில் சிரித்துக்கொண்டு, எல்லாம் நல்லம் மகன், ஒரு குறையும் இல்ல என்று மெதுவாகச் சொன்னால், நீ மேட்ரனுக்கு நன்றி சொல்லாதே. அன்றைக்கே லீவு போட்டு வா. வரும்போது வழியில் கல்முனைக் கடையொன்றில் ஒரு பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டு வா. நீ ஊற்றித் தந்தால், அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்காமல் குடிப்பேன்.

உன் வாப்பா